லோகு படியில் விழுந்தாள்

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி கேட்டாள். "மேடம், எந்தக் குழந்தை வந்தாலும் ஃபைலைத் திறக்கறதுக்கு முன்னாடி வராண்டாவுல நடக்க விடறீங்க. மாடிப்படி ஏறி இறங்கச் சொல்றீங்க. கை ஒடிஞ்சு வந்த குழந்தையைக்கூட. எதுக்கு?"

இப்போது வேலைக்குச் சேர்கிறவர்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. படிப்பு, எழுத்து, கவனம், கைகால் பழக்கம் எல்லாவற்றுக்கும் கேள்விகள் அதிலேயே வரிசையாக வரும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். "பழக்கம்மா" என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் பிறந்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். வேலூரில் படித்தேன், சித்தூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன், அதன் பிறகு திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பக்கவாதம், தீக்காயம், எலும்பு முறிவு என்று நாள் முழுக்க வரிசை நிற்கும். குழந்தையின் கை என்றால் எனக்கு அது ஒடிந்த கை, அல்லது ஒட்டிய கை. எலும்பும் தசையும் நன்றாக இருந்தும் ஒரு கை சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கலாம் என்று எங்கள் காலத்தில் யாரும் பாடம் நடத்தவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரி வந்தாள். எட்டு வயது. வீட்டில் லோகு. நகரியில் பவர்லூம் ஓட்டுகிற முனிரத்தினம் என்பவரின் ஒரே பெண். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இந்த மாதிரி வரும் கைக்கு முறை ஒன்றுதான். முதலில் வெதுவெதுப்பான மெழுகில் முக்கி எடுப்போம். மெழுகு உறைந்ததும் துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்திருப்போம். உரித்து எடுத்த பிறகு மணிக்கட்டை மேலே, கீழே, இரண்டு பக்கமும் மெதுவாக மடக்கி, எவ்வளவு போகிறது என்று கோணமானியில் அளந்து எழுத வேண்டும். கடைசியில் ஸ்பாஞ்சைப் பிழியச் சொல்வோம்.

மெழுகு உறையும் பத்து நிமிஷத்தில்தான் நான் அவள் பழைய சீட்டுகளைப் புரட்டினேன். பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது முறிவு. முதலில் இடது முன்கை, பிறகு தோள் பக்கத்துக் காறை எலும்பு, இப்போது இது. நடுவில் நெற்றியில் நான்கு தையல். முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன தடங்கள். புதியதும் பழையதும் கலந்து கிடந்தன. ஓ.பி. சீட்டில் முத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லி அவள் அப்பாவை வெளியே அனுப்பினேன்.

"கைக்கு என்னம்மா ஆச்சு?"

"படியில வுழுந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி தோள் எலும்பு ஒடிஞ்சுதே?"

"அப்பவும் வுழுந்துட்டேன்."

"யாராச்சும் தள்ளிவிட்டாங்களா? நைனா அடிப்பாரா? பயப்படாம சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கால்களை ஆட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு மெழுகின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தாள். நான் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். வாயே திறக்கவில்லை. பயத்தில் வாயடைத்துப்போன குழந்தை என்று முடிவு செய்தேன். என் கேள்வி முடிவதற்குள் அவள் கவனம் வேறு எங்கோ போய்விட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தபோது, தொடையின் பின்பக்கம் நேர்க்கோடாக இரண்டு தடிப்புகள் இருந்தன. முனிரத்தினம் திரும்பி வந்ததும் அதைக் காட்டிக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"ஆமா மேடம், நான்தான். ஸ்கேலால அடிச்சேன். நாலு எழுத்து எழுதுன்னா எழுந்து எழுந்து ஓடுது. மூணாவது படிக்குது, அது பேரையே எழுத வரல. ஒரு நாளு கோவத்துல அடிச்சிட்டேன். ஆனா கை ஒடிஞ்சது அதால இல்ல மேடம். அது தானா வுழுது. சும்மா போய்க்கினு இருக்கும், வுழும்."

"அவங்க அம்மா?"

"தடா பக்கம் கம்பெனில வேலை. அங்கயே ரூம் எடுத்துக்கினு இருக்குது. ஞாயித்துக்கிழமை வரும்."

பெண் குழந்தை, வீட்டில் அம்மா இல்லை, மூன்று எலும்பு முறிவு, அடித்ததை ஒப்புக்கொண்ட அப்பா. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் கொடுத்தேன். குழந்தைகள் விஷயத்தைக் கவனிக்கும் கமிட்டிக்கு அது போயிற்று. மறுநாள் சிகிச்சைக்கு வந்தபோது ஒரு பெண் கான்ஸ்டபிளும் இன்னும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். விசாரணை முடிகிறவரை லோகு சித்தூரில் ஒரு ஹோமில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றினார்கள். முனிரத்தினம் கத்தவில்லை, அழவில்லை. அவள் செருப்பு ஒன்று கழன்று கீழே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடினார். அன்று இரவு சாப்பிடும்போது, ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று என் வீட்டில் சொன்னேன்.

ஐந்து மாதம் போயிற்று. இந்த நேரத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் கடைசியில் ஒரு புது அறையைத் திறந்தார்கள். படிப்பு வராத, ஓரிடத்தில் உட்காராத குழந்தைகளைப் பார்ப்பதற்கு. வரதராஜுலு டாக்டர் அதற்குத் தலைவர். வாரத்தில் இரண்டு மதியம் கைப்பயிற்சி கொடுக்க என்னை அங்கே போட்டார்கள்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேறொன்று செய்வார். நாம் எழுதிய குறிப்பில் தப்பு இருந்தால், அதை எடுத்து நமக்கே வாசித்துக் காட்டுவார். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். திட்டு வாங்கினால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மறந்துவிடலாம். இது அப்படி இல்லை.

குழந்தை உள்ளே வரும்போது அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டார். கதவுக்கு எதிரே ஒரு குட்டை முக்காலியில் இருப்பார். ஃபைல் மூடியபடியே இருக்கும். "ரா தல்லி", வாம்மா, என்று தெலுங்கில் கூப்பிட்டுவிட்டு, பேசாமல் அது நடந்து வருவதைப் பார்ப்பார். தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தது. ஒரு குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து அந்தக் கோட்டில் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அவர் பத்து எண்ணுவார். பிறகு டென்னிஸ் பந்து. முதல் தடவை இரண்டு கையால், அடுத்து ஒரு கையால் பிடிக்க வேண்டும். கட்டை விரலால் மற்ற நான்கு விரலையும் வரிசையாகத் தொட வேண்டும், முன்னும் பின்னுமாக. தன் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து பொத்தான் போடச் சொல்வார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் புத்தகம், பென்சில். கடைசியில்தான் ஃபைல்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சித்தூர் ஹோமிலிருந்து ஒரு ஆயம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இதுக்கு மூளை சரியில்ல சார். சோறு எல்லாத்தியும் கொட்டுது. ஒரு எடத்துல உட்காராது. சர்ட்டிபிகேட் வேணுமாம்" என்றாள். முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேல் வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"ரா தல்லி."

அவள் வந்தாள். ஏறக்குறைய ஓட்டம். கதவுக்கும் முக்காலிக்கும் நடுவில் எதுவுமே இல்லாத சமதரையில் தன் கால் தன் காலிலேயே தட்டி முழங்காலில் விழுந்தாள். அழவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வந்தாள். விழுவது அவளுக்கு ஒரு செய்தியே இல்லை.

கோட்டில் நான்காவது அடி வைக்கும்போது சாய்ந்தாள். ஒற்றைக் காலில் மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தாள். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகுதான் அவள் கைகள் இரண்டும் சேர்ந்தன. பொத்தானைத் துளைக்குள் நுழைக்கக் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பாடுபட்டாள். இரண்டாவது பொத்தானில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். புத்தகத்தில் 'கொடி' என்று இருந்ததை முதலில் 'கெடி' என்றாள். பிறகு 'காடி' என்றாள். பிறகு புத்தகத்தை மூடினாள். பென்சிலைப் பிடித்த பிடியில் தாள் கிழிந்தது.

டாக்டர் அப்போதுதான் ஃபைலைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பெயரைப் பார்த்தேன். லோகேஸ்வரி, தகப்பனார் முனிரத்தினம், நகரி. அடியில் என் எழுத்தில் ஒரு பக்கம்.

அவர் வாசித்தார். "குழந்தை மிகுந்த பயத்தில் இருப்பதாகத் தெரிகிறது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கிறாள். தகப்பனார் அடித்ததை ஒப்புக்கொள்கிறார். எலும்பு முறிவுகளும் அடியால் ஏற்பட்டவையாக இருக்கக்கூடும்." ஆயம்மா வெளியே போயிருந்தாள். லோகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள். கீழே இருந்த என் கையெழுத்தையும் பதவியையும்கூட அவர் வாசித்தார்.

பிறகு கேட்டார். "எஸ்தரம்மா, அன்னைக்கு இந்தக் குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். கை கேஸ்னு உட்கார வெச்சுட்டேன்."

"நீங்க எழுதியிருக்கிற காயம் எல்லாம் முழங்கால், கணுக்கால், நெத்தி. முன்னால துருத்திக்கினு இருக்கிற எலும்புங்க. வுழறவங்களுக்கு வர்ற எடம். தொடையில இருந்த ரெண்டு கோடு ஒண்ணுதான் அடி. அதை அவரே சொல்லிட்டார்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஹோம்ல பல்லு உடைஞ்சிருக்குதே. அங்க நைனா இல்லையே."

பிறகு அவர் எனக்கு விளக்கினார். துறுதுறுப்பு அடங்காமல், கவனம் நிற்காமல் இருக்கிற குழந்தைகளில் பலருக்கு எழுத்தும் தட்டும், கைகாலும் தடுமாறும். மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வரும்போது, வாத்தியார் சோம்பேறி என்பார், வீட்டில் திமிர் என்பார்கள். "நாம?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. குற்றத்தோடு அதைத் தொடக் கூடாது.

டாக்டர் அறிக்கை எழுதினார். நான் தப்பாக முடிவு செய்தேன் என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று நம்பினேன். கமிட்டி கூடுவதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் முனிரத்தினத்துக்கு நகரியில் தறி வேலை போய்விட்டிருந்தது. பெற்ற பெண்ணின் கையை ஒடித்தவன் என்று பேராகிவிட்டது. அவர் மனைவி கலா தடா வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

சித்தூரில் அந்த அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். எதிரே நான், கலா, சுவர் ஓரமாக முனிரத்தினம். டாக்டரின் அறிக்கையைத் தலைவியாக இருந்த அம்மா முழுவதும் படித்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "சரி, குழந்தையை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார். லோகுவைக் கூட்டிவந்தார்கள்.

"உன் கை எப்படிம்மா ஒடிஞ்சுது?"

"நைனா அடிச்சாரு."

"எதால?"

"கட்டையால."

யாரும் அவளுக்கு அந்த நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பொய் சொல்லவும் இல்லை. ஏழு மாதமாக ஹோமில், கவுன்சலிங்கில், விசாரணையில், எத்தனையோ பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். நைனா அடிச்சாரா, எதால அடிச்சாரு, கட்டையா, பெல்ட்டா. விழுந்தேன் என்று சொன்னபோதெல்லாம் மறுபடி கேட்டார்கள். அடிச்சாரு என்று சொன்ன நாளில் கேள்வி நின்றது. அதன் பிறகு அது அவளுக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நான்.

கலா, "ஏய் லோகு, இன்னாடி சொல்ற" என்று எழுந்தார். முனிரத்தினம் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். லோகு அவர் இருந்த பக்கம் பார்க்காமல் ஹோம் ஆயம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

தாயிடம் குழந்தையை ஒப்படைப்பது, தகப்பன் அந்த வீட்டில் தங்கக் கூடாது. அதுதான் முடிவு. போலீஸ் கேஸ் மேலே போகவில்லை. முனிரத்தினம் தமிழ்நாட்டு எல்லைக்குள் பள்ளிப்பட்டில் ஒரு தறிக்கூடத்தில் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டார்.

அதன் பிறகு மூன்று வருஷம் கலா வாரம் ஒரு தடவை லோகுவை என்னிடம் கூட்டிவந்தார். காலையில் நகரி ஸ்டேஷனில் ரயில் ஏறி வருவார்கள். பாசி கோப்பது, களிமண் பிசைவது, கயிறு தாண்டுவது, மணல் தட்டில் விரலால் எழுத்துப் போடுவது. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைத் தொட்டு, நின்று, அடுத்த காலை வைப்பது. அதற்கு மட்டுமே நான்கு மாதம். எழுத்துக்கு டாக்டர் வேறொரு டீச்சரை வைத்தார். பத்தாம் வயதில் தன் பெயரை எழுதினாள். பதினோராவது வயதில் சட்டையில் ஐந்து பொத்தானும் போட்டாள். இதை என் வெற்றி என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு நாள், லோகு வராத கிழமையில், முனிரத்தினம் என் அறை வாசலில் நின்றிருந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொத்தான் போட்டுக்குதாமே மேடம்?"

"போடறா. எல்லாப் பொத்தானும்."

"படி ஏறும்போது?"

"இப்ப நின்னு நின்னு ஏறுறா. வுழறது ரொம்பக் குறைஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார். நான் பல மாதமாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். லோகுவை உட்கார வைத்து நானே பேசுகிறேன், அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பில்லை என்று புரியவைக்கிறேன் என்றேன்.

"வேணாம் மேடம்" என்றார். "வுழுந்தேன்னு அது சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. அடிச்சாருன்னு சொன்னப்ப எல்லாரும் நம்புனாங்க. இப்ப நீங்க போயி, அதுவும் நெசம் இல்லன்னு சொன்னா, அது இன்னா பண்ணும்? ரெண்டாவது தபாவும் பொய் சொல்லுதுன்னு ஆவணுமா? நான் எப்பிடியோ இருந்துக்கிறேன். ஸ்கேலால அடிச்சது நெசந்தான?"

அவர் வார்த்தையை மதித்து ஒன்பது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன.

போன மாதம் கலா போன் செய்தார். "அவரு போயிட்டாரு மேடம். நெஞ்சு வலி. பள்ளிப்பட்டுலயே எடுத்துட்டோம். லோகுவைக் கூப்பிட்டேன். நான் வரலன்னுடுச்சு."

இரண்டு வாரம் கழித்து நகரிக்குப் போனேன். லோகுவுக்கு இப்போது இருபது வயது. ஜவுளிக்கடை ஒன்றில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்து, கடைக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறிவு, மெழுகு, ஸ்கேல் அடி, நான் எழுதிய ஒரு பக்கம், டாக்டர் வாசித்தது, கமிட்டி அறை. அவள் அப்பா என் வாசலில் நின்று சொன்னதையும் சொன்னேன். அவள் நடுவில் எழுந்து போகவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எனக்கு அந்தக் கட்டை ஞாபகம் இருக்குது மேடம்" என்றாள். "பச்சைக் கலரு. அது வலிச்சது ஞாபகம் இருக்குது."

எதிரே தறிக்கூடத்தில் மதியத்துக்கு நிறுத்திய இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரம் பேச முடியாத அளவுக்குச் சத்தம்.

பிறகு அவள் என் பக்கம் குனிந்து கேட்டாள். "மொதல் நாளு நீங்க கேட்டப்ப நான் இன்னா சொன்னேன்?"

"படியில வுழுந்துட்டேன்னு சொன்ன."

"அதை எழுதுனீங்களா, அந்தப் பேப்பர்ல?"

"இல்ல" என்றேன்.